385 பேரைக் கேட்டால் போதுமா?

யாழ் குடாநாட்டில் உள்ள ஓர் அரச வைத்தியசாலையில், தர முகாமைத்துவப் பிரிவில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். நோயாளர் அனுபவ ஆய்வு ஒன்றைச் செய்யும்படி முதன்முதலில் சொன்னபோது என் மனதில் வந்த ஒரே கேள்வி "எத்தனை பேரைக் கேட்கவேண்டும்?" என்பதுதான். இப்போது வேறு வைத்தியசாலைகளில் இருந்தும் தம்பி தங்கச்சிமார் இதே கேள்வியோடு ஃபோன் எடுக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை ஒரு இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதல் தடவை நான் செய்தது இதுதான். 60 படிவங்களைப் போட்டோகொப்பி எடுத்து வாட்டுகளுக்குக் கொடுத்தேன். துண்டு வெட்டி வீட்டுக்குப் போகும் நேரத்தில் மிஸிமார் அதை நோயாளரிடம் கொடுத்து நிரப்பி வாங்கினார்கள். ஏறக்குறைய எல்லாமே திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் "மிகத் திருப்தி" என்ற கட்டத்தில்தான் புள்ளடி. அதே கிழமை, மருந்து எடுக்கிற வரிசையில் இரண்டு மணித்தியாலம் நின்ற ஒரு அம்மா மயங்கி விழுந்தார். என் கையில் இருந்த அறிக்கையும் என் கண்முன் நடந்ததும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

"60 பேர் காணாது போல. அடுத்தமுறை 500 பேரைக் கேளுங்கோ" என்றார் மேலதிகாரி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மாவைப் பிறகு வாங்கில் இருத்தித் தண்ணீர் கொடுத்துக் கதைத்தபோது அவர் சொன்னது வேறு. போன மாதம் அவரும் வாட்டில் இருந்திருக்கிறார், படிவமும் நிரப்பியிருக்கிறார். "நான் என்னத்தைப் பிள்ளை குறை சொல்ல? திரும்பியும் இஞ்சைதானே வரவேணும்."

அந்த ஒரு வசனம் எனக்கு நிறைய விளங்கப்படுத்தியது. வெள்ளை உடுப்போடு நிற்கிறவர் கையில் படிவத்தைக் கொடுத்து, நிரப்பும்வரை பக்கத்தில் நின்றால், 60 பேர் சொல்வதையே 500 பேரும் சொல்வார்கள். 5,000 பேரும் அதையே சொல்வார்கள். பிழை எண்ணிக்கையில் இல்லை.

அதற்குப் பிறகு மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவம் கற்பிக்கும் ஒரு விரிவுரையாளரிடம் போனேன். அவர் முதலில் 1936 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிச் சொன்னார். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்று எழுதியது. வென்றவர் ரூஸ்வெல்ட், அதுவும் பெரும் வித்தியாசத்தில். பெயர்களை எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பதிவேட்டிலும் இருந்து. பதில் அனுப்பியதும் அனுப்ப விரும்பியவர்கள் மட்டும். அதே தேர்தலில் கலப் என்பவர் ஏறத்தாழ 50,000 பேரைக் கேட்டு, வெல்லப்போகிறவரைச் சரியாகச் சொன்னார்.

பிறகு அவர் கூழைப் பற்றிக் கதைத்தார். ஒடியற் கூழ் பானையில் மேலாக அகப்பையை விட்டால் வெறும் தண்ணிக் கூழ்தான் வரும். நண்டும் மீனும் பலாக்கொட்டையும் அடியில் கிடக்கும். மேலாகவே பத்து அகப்பை அள்ளினாலும் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நன்றாகக் கிண்டிவிட்டு ஒரு அகப்பை அள்ளினால் தெரிந்துவிடும். கிண்டுவதற்குப் பெயர்தான் எழுமாற்று மாதிரி. பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிவாகும் வாய்ப்பு இருக்கவேண்டும். யாரைக் கேட்பது என்பதை எங்கள் கண்ணோ வசதியோ தீர்மானிக்கக் கூடாது.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். எல்லாரும் மந்திரம் போலச் சொல்லும் 384 அல்லது 385 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். 1.96 இன் வர்க்கத்தை 0.5 ஆலும் மறுபடி 0.5 ஆலும் பெருக்கி, 0.05 இன் வர்க்கத்தால் பிரியுங்கள். 384.16 வரும். ஆளைப் பாதியாக வெட்ட முடியாது, ஆகவே 385. இதில் 1.96 என்பது 95 வீத நம்பிக்கை மட்டத்துக்கு உரியது: இதே ஆய்வை இதே முறையில் 100 தடவை செய்தால் ஏறத்தாழ 95 தடவை உண்மை நாங்கள் சொல்லும் எல்லைக்குள் இருக்கும். 0.05 என்பது அந்த எல்லை, 5 வீதப் புள்ளி கூடக்குறைய. 0.5 என்பது பாதிப் பேர் ஓம், பாதிப் பேர் இல்லை என்று சொல்லும் நிலை. அந்த நிலைக்குத்தான் ஆகக் கூடுதலான ஆட்கள் தேவை. முன்கூட்டி ஒன்றும் தெரியாதபோது அதை எடுப்பது பாதுகாப்பு.

எல்லையை மாற்றினால் எண்ணிக்கை எப்படி ஓடுகிறது என்று அன்று இரவு வீட்டில் எக்செலில் போட்டுப் பார்த்தேன். 10 புள்ளி கூடக்குறைய என்றால் 97 பேர். 7 புள்ளி என்றால் 196. 5 என்றால் 385. 3 என்றால் 1,068. துல்லியத்தை இரட்டிப்பாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். கூட்டங்களில் "இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்வம்" என்று யாராவது சொன்னால் இந்த நான்கு எண்களையும் எழுதிக் காட்டுவேன்.

நாங்கள் எடுத்தது மருத்துவக் கிளினிக். சலரோகம், பிரஷர் என்று மாதாமாதம் மருந்துக்கு வருகிறவர்கள். இங்கேயே ஒரு சிக்கல். பதிவேட்டில் இருப்பது வருகைகள், ஆட்கள் அல்ல. மாதத்துக்கு ஒருமுறை வருகிறவரின் பெயர் மூன்று மாதத்தில் மூன்று தடவை இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் திகதி கிடைத்தவரின் பெயர் ஒரு தடவைதான். வருகைகளில் இருந்து எடுத்தால் அடிக்கடி வருகிறவரே அடிக்கடி அகப்படுவார். ஆகவே கிளினிக் கொப்பி இலக்கத்தை வைத்து ஒருவருக்கு ஒரு வரி என்று பட்டியலைச் சுத்தப்படுத்தினோம். நான்கு நாள் வேலை. அந்த நான்கு நாளைச் சேமிக்க நினைக்காதீர்கள். ஏறத்தாழ 1,800 பேர் தேறினார்கள்.

மொத்தமே 1,800 பேர்தான் என்றால் 385 தேவையில்லை. 384 ஐ 1,800 ஆல் பிரித்து ஒன்றைக் கூட்டி, அதனால் 385 ஐப் பிரியுங்கள். 318 வரும். மொத்தம் 600 பேர் என்றால் 235. மொத்தம் இலட்சக்கணக்கில் என்றாலும் 385 தான். பெரிய வைத்தியசாலைக்குப் பெரிய மாதிரி வேண்டும் என்பது பலரும் நம்பும் ஒன்று. பானை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நன்றாகக் கிண்டினால் அகப்பை அதேதான்.

318 என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரிவுரையாளர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதை வைச்சு என்னத்தை மாத்தப் போறியள்?"

எனக்குப் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்கு முதலில் பதில் எழுதாமல் எண்ணிக்கையைக் கணக்கிட்டதுதான் நான் செய்த பெரிய பிழை.

மருந்து எடுக்கிற இடத்தில் என்ன நடக்கிறது என்று அறியத்தான் எனக்கு உண்மையில் விருப்பம். அங்கே நிற்கும்போது அடிக்கடி கண்ட காட்சி ஒன்று உண்டு. பதினொரு மணி தாண்டியதும் சிலர் மருந்து எடுக்காமலே கொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு என்று தீவுப் பக்கம் போகிறவர்கள். நெடுந்தீவுக்காரர் என்றால் பஸ்ஸில் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகையும் பிடிக்க வேண்டும். படகைத் தவறவிட்டால் இரவு தங்க இடம் தேட வேண்டும். எங்கள் பட்டியலில் தீவகத்து ஆட்கள் ஏறத்தாழ 200 பேர், ஒன்பதில் ஒரு பங்கு. 318 பேரைக் குலுக்கி எடுத்தால் அவர்களில் 35 பேர்தான் அகப்படுவார்கள். 35 பேரை வைத்து 200 பேரைப் பற்றிச் சொன்னால் பிழை எல்லை 15 புள்ளி கூடக்குறைய. 60 வீதம் என்று வந்தால் உண்மை 45 ஆகவும் இருக்கலாம், 75 ஆகவும் இருக்கலாம். அதை வைத்து யாரிடமும் ஒன்றும் கேட்க முடியாது.

அதனால் பட்டியலை இரண்டாகப் பிரித்தோம். தீவகத்தில் 200 பேரில் 100 பேர், மற்ற 1,600 பேரில் 283 பேர். பாதிப் பேரையே கேட்பதால் தீவகத்துக்கான பிழை எல்லை 7 ஆகக் குறைந்தது. மொத்தம் 383. பழைய மந்திர எண்ணுக்குப் பக்கத்தில்தான், ஆனால் ஆட்கள் வேறு.

இப்படிச் செய்தால் கடைசியில் ஒன்றை மறக்கக் கூடாது. கடந்த மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது மருந்து எடுக்காமல் திரும்பினீர்களா என்ற கேள்விக்கு, தீவகத்தில் பத்தில் ஆறு பேர் ஓம் என்றார்கள். மற்றவர்களில் பத்தில் இரண்டு பேர். எல்லாப் படிவத்தையும் ஒன்றாகக் கூட்டினால் 30 வீதம் என்று வரும். அது பிழை, ஏனென்றால் தீவகத்து ஆட்களை நாங்கள் வேண்டுமென்றே கூடுதலாக எடுத்திருக்கிறோம். அவர்கள் ஒன்பதில் ஒரு பங்கு என்ற நிறையைக் கொடுத்துக் கணக்கிட்டால் 24 வீதம். அறிக்கையில் மொத்தத்துக்கு அந்த எண்ணைத்தான் போட்டோம், தீவக எண்ணைத் தனியாகக் காட்டினோம்.

ஆட்களைத் தெரிவு செய்ய எக்செலில் எழுமாற்று எண் கொடுத்தோம். கணினி இல்லாவிட்டால் பட்டியலில் ஒவ்வொரு ஐந்தாவது ஆளையும் எடுக்கலாம், தொடங்கும் இடத்தை மட்டும் துண்டு குலுக்கி எடுங்கள். வாசலில் நின்று "அம்மா, ஒரு நிமிடம் கதைக்கலாமோ" என்று வருகிறவர்களைப் பிடிப்பது கூடாது. விடியவே வந்து முதல் நம்பர் துண்டு எடுப்பவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். தூரத்து ஆட்கள் கடைசியில் வருவார்கள், கேட்பதற்கு முன் ஓடிவிடுவார்கள். சிரித்த முகத்தோடு இருப்பவரிடம் மாணவர்களின் கால் தானாகப் போவதையும் கண்டிருக்கிறேன்.

பிறகு நேரம். எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் சூத்திரத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு மனித நேரத்துக்கும் உண்டு. ஒருவருக்கு 15 நிமிடம் என்றால் 383 பேருக்கு ஏறத்தாழ 96 மணித்தியாலம். இரண்டு மாணவர்கள், ஆளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் 16 காலைகள். எங்கள் கிளினிக் கிழமைக்கு இரண்டு நாள். ஆகவே எட்டுக் கிழமை. ஆவணியில் தொடங்க நினைத்திருந்தோம். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் விரதக்காரர் வரமாட்டார்கள், வருகிறவர்கள் சீக்கிரம் போகப் பார்ப்பார்கள், சனக்கூட்டமே வேறு மாதிரி. புரட்டாதிக்குத் தள்ளினோம். கார்த்திகை மழையும் கடலும் படகை நிறுத்துவதற்கு முன் முடிக்க வேண்டும் என்றும் பார்த்தோம்.

இந்த மணித்தியாலக் கணக்கு உங்கள் கையில் உள்ள ஆட்களுக்கு மீறிப் போனால் எண்ணிக்கையைக் குறையுங்கள், கவலைப்படாதீர்கள். ஒழுங்காகக் குலுக்கி எடுத்த 97 பேர், 10 புள்ளி கூடக்குறைய, எத்தனையோ முடிவுகளுக்குப் போதும். கேள்விகளை வெட்டினாலும் நேரம் மிஞ்சும். நாங்கள் 32 கேள்வியில் தொடங்கி 14 இல் முடித்தோம்.

கேள்விகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் இது பிழைத்தால் எந்த எண்ணிக்கையும் உதவாது. "திருப்தியா?" என்று எங்கள் சனத்திடம் கேட்கக் கூடாது. "கடவுளே, நல்ல திருப்தி" என்பார்கள், அது மரியாதை. நடந்ததைக் கேட்க வேண்டும். இன்று டொக்டரைக் காண எத்தனை மணிவரை இருந்தீர்கள்? புது மருந்தை எப்படிக் குடிக்கிறது என்று யாராவது சொன்னார்களா? சாப்பாட்டுக்கு முந்தின இரத்தம் எடுத்த பிறகு சாப்பிட நேரம் கிடைத்ததா? முதலில் 20 பேரிடம் வாசித்துப் பார்த்தோம், அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. "ஆலோசனை வழங்கப்பட்டதா" என்று எழுதியிருந்த கேள்வி பாதிப் பேருக்கு விளங்கவில்லை. "சொல்லித் தந்தார்களா" என்று மாற்றியதும் விளங்கியது.

கேட்ட மாணவர்கள் சாதாரண உடுப்பில் வந்தார்கள். இடம் கிளினிக்குக்கு வெளியே, வேப்பமரத்துக்குக் கீழே போட்ட வாங்கு. மருந்து எடுத்து முடித்த பிறகுதான் கேட்டோம். தீவகத்து ஆட்கள் நிற்க மாட்டார்கள் என்று தெரிந்ததால் அவர்களுக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகு ஃபோன் எடுத்தோம், கேள்வியைச் சொல்லுக்குச் சொல் அப்படியே வாசித்தோம். சில இலக்கங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையவை. அவர்கள் கூப்பிட்டுக் கொடுக்கும்வரை காத்திருந்தோம். மகள் பதில் சொல்லத் தொடங்கினால், "அம்மாவிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ" என்று தன்மையாகக் கேட்டோம்.

எல்லாரும் பதில் சொல்லமாட்டார்கள். பத்துக்கு ஏழு பேர் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தால், தேவையானதை 0.7 ஆல் பிரித்து அத்தனை பெயரை எடுக்க வேண்டும். 318 தேவை என்றால் 455 பெயர். கேட்கப் போகும் எண்ணிக்கையும் கைக்கு வரும் எண்ணிக்கையும் வேறு வேறு. இங்கிலாந்தின் உள்ளக நோயாளர் ஆய்வில் ஒவ்வொரு நிர்வாக அலகும் 1,250 பேரைத் தெரிவு செய்கிறது. அது அனுப்பும் எண்ணிக்கை. அமெரிக்காவின் தேசிய ஆய்வில் ஒரு வைத்தியசாலை 12 மாதத்தில் குறைந்தது 300 நிரப்பிய படிவங்களைப் பெற முயலவேண்டும். அது கையில் வரும் எண்ணிக்கை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு நானும் ஒருமுறை குழம்பியிருக்கிறேன்.

ஆனால் பெயரைக் கூட்டி எடுப்பது, பதில் சொல்லாதவர்களின் இடத்தை நிரப்பாது. ஒருவர் வராவிட்டால் அடுத்தவரைப் போட்டு நிரப்புவது மிக இலகு. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. மூன்று தடவை முயன்ற பிறகே விட்டோம். மூன்றாவது தடவையில் கிடைத்தவர்கள் சொன்னது முதல் தடவையில் கிடைத்தவர்கள் சொன்னதைவிட எவ்வளவு கடுமையாக இருந்தது என்று பார்த்தபோது, அந்த உழைப்பு வீண் இல்லை என்று விளங்கியது.

வாட்டுகளில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே வாட்டில் 20 பேரைக் கேட்டால் அது 20 தனி ஆட்களுக்குச் சமன் இல்லை. அவர்கள் எல்லாரும் அதே மிஸிமாரை, அதே மலசலகூடத்தைப் பற்றித்தான் சொல்கிறார்கள். அந்த ஒற்றுமை சிறிதாக, 0.05 அளவில் இருந்தால்கூட, 20 இல் ஒன்றைக் கழித்து வரும் 19 ஐ 0.05 ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 1.95. அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆட்கள் தேவை. முடிந்தால் பல வாட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

அறிக்கைக்குப் பிறகு மருந்து எடுக்கிற இடத்தில் தீவகத்துக் கொப்பிகளுக்குத் தனித் தட்டு ஒன்று வைத்தார்கள். பத்தரைக்கு முன் அவை முடிய வேண்டும் என்று பொறுப்பு மருந்தாளர் தானாகவே ஒழுங்கு செய்தார். இப்போது அது வேலை செய்கிறதா என்று அளக்க வேண்டும். மாற்றத்தை அளக்க எண்ணிக்கை மறுபடி வேறு. 60 வீதம் 50 ஆகக் குறைந்ததை உறுதியாகச் சொல்ல, வழமையான கணக்குப்படி ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 390 பேர் தேவை. எங்கள் தீவகப் பட்டியலில் அத்தனை பேரே இல்லை. 60 இல் இருந்து 40 ஆகக் குறைந்தால்தான் இது பயன் என்று முடிவு செய்தோம். அதற்கு ஏறத்தாழ 100 பேர் போதும்.

அந்த இரண்டாம் சுற்றுக்குப் பட்டியல் எடுக்கும்போது மருந்தாளர் ஒன்று கேட்டார்: வராமலே விட்டவர்களை எங்கே சேர்த்தீர்கள்? எங்கள் 1,800 பேரும் வந்துகொண்டிருப்பவர்கள். திகதி தவறி ஆறு மாதத்துக்கு மேல் வராத கொப்பிகளைத் தேடினோம். 43 பேர். சூத்திரத்தில் போட்டால் 43 பேருக்கு 39 பேரைக் கேட்கச் சொல்கிறது. நான்கு பேரை விடுவதற்காக ஏன் குலுக்க வேண்டும்? 43 பேரையும் கேட்கிறோம். ஃபோனில் பிடிபடாதவர்களில் ஆறு பேர் நெடுந்தீவு. சனிக்கிழமை காலைப் படகுக்கு இரண்டு மாணவர்களும் நானும் குறிகட்டுவானுக்குப் போகிறோம், கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு.